இல்லத்தரசியும் வெங்காயமும்

கேள்வி: வெங்காய விலை ஏறி இல்லத்தரசிகள் கண்ணீர் வடிக்கும்போது அரசு ஏற்றுமதிக்குத் தடை போடுவதில் என்ன தப்பு? விவசாயச் சங்கங்கள் ஏன் குதிக்கின்றன?

பதில்: முதலில் அந்த இல்லத்தரசியை விட்டுவிடுங்கள், பாவம். ‘வெங்காயம் விலை கிடுகிடு, இல்லத்தரசிகள் கண்ணீர்’ என்று ஈயத்தில் அச்சுக் கோத்த காலத்திலிருந்து நம் நாளிதழ்கள் போட்டு வருகின்றன, கோத்த எழுத்தை இன்னும் பிரிக்கவேயில்லை போலிருக்கிறது. தக்காளி ஏறினால் இல்லத்தரசிக்கு அதிர்ச்சி, தங்கம் ஏறினால் கலக்கம், இறங்கினால் மகிழ்ச்சி. ஏன், அந்த வீட்டு ஆண்கள் ஆனியன் ஊத்தப்பம் சாப்பிடுவதே இல்லையா என்று இதே பக்கத்தில் ஒருமுறை கேட்டதற்கு, ஒரு நாளிதழின் உதவி ஆசிரியர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நிம்மதி.

சரி, தடைக்கு வருவோம். ஆட்சியில் இருப்பவர்களும் அந்தத் தலைப்பைப் படித்துத்தான் கொள்கை வகுக்கிறார்கள். 1998இல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க. தோற்றதற்கு வெங்காய விலையும் ஒரு காரணம். அந்தப் பயம் எந்தக் கட்சிக்கும் இன்னும் தெளியவில்லை. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, அது போதாதென்று டிசம்பரில் முழுத் தடை. மழைக்காலத்து வெங்காயத்தில் ஈரம் அதிகம், இருப்பு வைத்தால் அழுகிவிடும், வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். அது சந்தைக்கு வரும் நேரம் பார்த்துத்தான் ஏற்றுமதிக் கதவைச் சாத்தினார்கள். விலை ஏறினால் ஒரே ராத்திரியில் அறிவிக்கை வந்துவிடுகிறது, விழும்போது? குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் வெங்காயமே கிடையாது. மத்திய அரசுக்காகக் கொள்முதல் செய்யும் கூட்டுறவு அமைப்பான நாஃபெட் கொஞ்சம் வாங்கி இருப்பு வைக்கும், அதையும் விலை கொஞ்சம் நிமிர்ந்ததும் சந்தையில் இறக்கிவிடும்.

இதில் நம்மூர்க் கூத்து வேறு. சின்ன வெங்காயத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்காததால், பெரிய வெங்காயம் விளையும் நாசிக்கை நினைத்துப் போட்ட தடையில் சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூரும் மாட்டிக்கொண்டது.

2024 மே 4, நாடாளுமன்றத் தேர்தல் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, தடையை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்றால், டன்னுக்கு 550 டாலருக்குக் குறைந்து விற்கக் கூடாது, 40 சதவீத வரியும் கட்டு என்ற வாலோடு. மகாராஷ்டிரத்தில் வெங்காயக் காடான திண்டோரித் தொகுதியில் நின்ற மத்திய இணையமைச்சர் தோற்றுப்போனார். அப்புறம் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல் வந்தது பாருங்கள், அதற்கு இரண்டு மாதம் முன்பே, செப்டம்பரில், 550 டாலர் நிபந்தனை போனது, வரியும் பாதியானது. சங்கங்கள் குதித்ததில் கிடைத்தது அவ்வளவுதான். மீதி 20 சதவீதத்தை 2025 ஏப்ரலில் எடுத்தார்கள், சந்தையில் விலை இறங்கிய பிறகு.