செருப்பும் கேரம் போர்டும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 68. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். பதினாறு வருஷமாகச் சர்க்கரை, இப்போது முட்டிவலியும். காலையில் 240 காட்டினால் அன்றைக்கு யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. மகன் முதல் பால் போடும் பையன்வரை 'பாசிட்டிவா இருங்க' என்கிறார்கள். நேற்று நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியவில்லை. தெருவே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். கேரம் ஆடப் போவதையும் விட்டுவிட்டேன். இந்த மனசை எப்படி மாற்றுவது?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

நம் வயதில் லேப் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று வந்தால் பயந்துதான் ஆகவேண்டும். எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது பார்க்க வந்தவர்களும் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு இதையே சொல்லி எழுந்தார்கள். பேச்சை முடித்துக்கொள்ளும் சொல் அது. கோபமில்லை, வேறென்ன சொல்வார்கள் பாவம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் செருப்புதான். அதைச் சிரித்துக் கடக்காதீர்கள். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது. புண்ணாகி, வேறு யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. இந்த வாரமே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள். முட்டி மடங்காவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். மொட்டைமாடிக்குக்கூட வெறுங்காலோடு போகவேண்டாம்.

240 என்பது அந்த ஒரு காலையின் கணக்கு. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால்தான் ஹெச்பிஏ1சி சோதனை இரண்டு மூன்று மாத சராசரியைச் சொல்கிறது. அதுவும் கூடுதலாக வந்தால் மாத்திரையை மாற்றுவதா என்று டாக்டர் பார்ப்பார். அதற்காக நீங்கள் ஏன் வீட்டில் வாய் பேசாமல் இருக்கவேண்டும்?

கேரமை ஏன் விட்டீர்கள் என்று எழுதவில்லை. முட்டியா, வெட்கமா? ஸ்டூலில் உட்கார்ந்து ஆடுவதற்கு முட்டி எதற்கு? 2024 கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்களுக்குப் பக்கத்தில், புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு போர்டை விடலாமா?

சிரித்த முகத்தோடு போகவேண்டும் என்றில்லை, கடுப்பாக இருந்தால் கடுப்போடே போங்கள். அங்கே யாரும் உங்கள் சுகர் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். ரெட், அதான் சிவப்புக் காய், அதைப் போட்டுவிட்டு அடுத்துப் போடவேண்டிய ஃபாலோ காயை விட்டால் மட்டும் கண்டபடி திட்டுவார்கள். ஸ்டென்ட் வைத்த மூன்றாம் மாதம் என்னை ஒரு பொடியன் அப்படித் திட்டினான். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.