கிரியாட்டினின் சரி என்றால் சிறுநீரகமும் சரியா?

கேள்வி: எனக்கு வயது 38. என் தம்பிக்கு 29 வயதில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, டயாலிசிஸ் நடந்துவருகிறது. சிறு வயதிலிருந்தே அவனுக்குக் காது மந்தம். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் ஆல்போர்ட் நோய் என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. எனக்கும் சிறுநீரில் ரத்த அணுக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் 0.9தான். அப்பாவுக்கு 62 வயதாகிவிட்டதால், தம்பிக்கு நானே சிறுநீரகம் கொடுக்க விரும்புகிறேன். கொடுக்கலாமா? எனக்கு 9 வயதில் ஒரு மகன் இருக்கிறான்.
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு அந்த முடிவை எடுக்க வேண்டாம். உங்கள் தம்பியின் நோயை உண்டாக்கிய அதே மரபணு மாற்றம் உங்களுக்கும் இருக்க மிகுந்த வாய்ப்பு இருக்கிறது. சிறுநீரில் காணப்படும் ரத்த அணுக்களே அதற்கான அறிகுறி.

ரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சவ்வைத் தாங்கி நிற்பது நான்காம் வகைக் கொல்லாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பு பிசகும்போது, சல்லடையின் கண் கிழிந்ததுபோல முதலில் ரத்த அணுக்களும், ஆண்டுகள் செல்லச் செல்லப் புரதமும் சிறுநீரில் கசியத் தொடங்குகின்றன. உட்செவியிலும் கண்ணிலும் இதே புரதம் இருப்பதால்தான் சிறுநீரக நோயோடு காதும் மந்தமாகிறது. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே; அதில் பழுது என்றால் ஈடுகட்ட மற்றொன்று இல்லை. பெண்களுக்கு இரண்டு இருப்பதால் பாதிப்பு மெதுவாகவும் ஆளுக்கு ஆள் வேறுபட்டும் வெளிப்படுகிறது. ஐரோப்பியக் குடும்பங்களில் நடந்த ஆய்வுகளின்படி, 40 வயதுக்குள் சிறுநீரகச் செயலிழப்பை அடைந்தவர்கள் ஆண்களில் சுமார் 90 விழுக்காடு, பெண்களில் சுமார் 12 விழுக்காடு. இந்தப் பெண்களை நோயைக் கடத்துபவர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் முழுவதும் மறையவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கிரியாட்டினின் 0.9 என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது. அது தசையிலிருந்து வரும் கழிவு என்பதால், மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்குச் சிறுநீரகத் திறன் குறைந்த பிறகும் அளவு சரியாகவே தெரியும். தவிரவும், சில வடிகட்டிகள் பழுதானால் மீதமுள்ளவை கூடுதலாக வேலை செய்து அந்தக் குறையை மறைத்துவிடும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், உங்கள் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 84 மில்லி என்று வருகிறது. மோசமில்லை, ஆனால் தானம் கொடுப்பதற்கு அது மட்டும் போதாது. காலைச் சிறுநீரில், புரதக் கசிவைக் காட்டும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், ரத்த அழுத்தம் சரியாக இருந்தாலும் ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்தைத் தொடங்குவது பற்றிச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் அந்த மருந்து கூடாது. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால், அதையும் விட்டுவிடுங்கள்.

இந்த மாற்றம் உள்ள பெண்களைத் தானம் கொடுப்போராக ஏற்பது, வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான்; புரதம் கசிந்தாலோ காது மந்தப்பட்டாலோ அதுவும் இல்லை. ஆனால் வயதைக் காரணம் காட்டி நீங்கள் ஒதுக்கிவைத்த உங்கள் தந்தையே முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்தே வருவதால், தம்பியின் நோய்க்கும் தந்தைக்கும் தொடர்பில்லை. சர்க்கரை நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இல்லாமல் சிறுநீரகத் திறனும் நன்றாக இருந்தால், 62 வயது ஒரு தடையே அல்ல.

தம்பியின் மரபணு அறிக்கையில் உள்ள அதே மாற்றம் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இருந்தால், உங்கள் மகனுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. இந்த வாரமே அவனுடைய சிறுநீரைப் பரிசோதியுங்கள். ஆண் குழந்தைகளுக்கு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, டயாலிசிஸை அவ்வளவு ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.