பெயர்கள் எங்கே போயின?

கேள்வி: ஆர் (R) என்னும் கணினி மொழியில் 5 மாணவர்களை நிரைகளாகவும் (கிடை வரிசை) 3 பாடங்களை நிரல்களாகவும் (செங்குத்து வரிசை) வைத்து ஒரு மதிப்பெண் அணி (matrix) வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நிரையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுக்க 'அப்ளை' (apply) சார்பைப் பயன்படுத்தினால் அணி புரண்டு வருகிறது. மதிப்பெண்களை ஏறுவரிசைப்படுத்தினால் பாடப் பெயர்களே மறைந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: இரண்டுமே பிழையல்ல. அப்ளை ஒவ்வொரு நிரையாக எடுத்து உங்கள் சார்பிடம் கொடுக்கிறது. பாடப் பெயர்களும் அந்த நிரையோடு கூடவே போகின்றன. திரும்பி வரும் ஒவ்வொரு விடையையும் அது ஒரு நிரலாகவே அடுக்குகிறது. அதனால்தான் 5க்கு 3 அணி 3க்கு 5 ஆகி, மாணவர் பெயர்கள் மேலே ஏறிவிட்டன. நிரைக்கு ஒரே எண் விடையாக வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. மாணவர் பெயர் தாங்கிய திசையன் (ஒற்றை வரிசை எண்கள்) கிடைக்கும். புரண்ட அணியை 'டி' (t) சார்பால் திருப்பிவிடலாம்.

நான் உண்மையில் அஞ்சுவது சதுர அணியைக் கண்டுதான். 4க்கு 4 அணி புரண்டாலும் அளவு மாறாது. பெயர்களும் இல்லையென்றால் தவறு கண்ணில் படவே படாது. எனவே கணக்கைத் தொடங்கும் முன்பே இரு பக்கமும் பெயர் சூட்டிவிடுங்கள்.

பாடப் பெயர்கள் மறைந்ததற்குக் காரணம் வேறு. எல்லா விடைகளிலும் பெயர்கள் ஒரே வரிசையில் இருந்தால் மட்டுமே அப்ளை அவற்றை வைத்துக்கொள்ளும். ஒருவருக்குக் கணக்கிலும் இன்னொருவருக்குத் தமிழிலும் குறைந்த மதிப்பெண் என்றால் வரிசை மாறுகிறது, பெயர்கள் கைவிடப்படுகின்றன. அதுவே நியாயம்: வரிசைப்படுத்திய பின் முதல் இடத்தில் இருப்பது ஒரு பாடமல்ல, குறைந்த மதிப்பெண். ஆனால் எல்லோருக்கும் ஒரே வரிசை அமைந்துவிட்டால் பெயர்கள் தங்கிவிடும். சிறிய சோதனைத் தரவில் சரியாக வந்தது பெரிய தரவில் மாறுவது இதனால்தான். வரிசைப்படுத்தியதும் 'குறைந்தது, நடு, உயர்ந்தது' என்று நீங்களே பெயரிடுங்கள்.

அப்ளைக்குப் பதிலாக 'சாப்ளை' (sapply) சார்பின் பக்கம் போகாதீர்கள். அது அணியை 15 தனி எண்களாகப் பார்க்கும். வடிவமும் பெயர்களும் போய்விடும். அதையே பயன்படுத்த வேண்டுமென்றால், விடையை ஏற்கும் இடப்பக்கத்தில் அணியின் பெயரையடுத்து வெற்றுச் சதுர அடைப்புக்குறி [] இட்டு, விடையை அதற்குள் நிரப்புங்கள். பழைய வடிவமும் பெயர்களும் அப்படியே இருக்கும்.

உங்கள் தேவைக்கு அப்ளையே வேண்டாம். அணியை 'ரோசம்ஸ்' (rowSums) தரும் நிரைக் கூட்டுத்தொகைகளால் நேரடியாக வகுத்தாலே போதும்; 80, 60, 60 வாங்கியவருக்கு 0.4, 0.3, 0.3 அதே நிரையில், அதே பெயர்களோடு வரும். ஆர் அணியை நிரல் நிரலாக நிரப்புவதால் இது பொருந்துகிறது. பாடவாரியாக வகுக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள். 3 பாடக் கூட்டுத்தொகைகளும் நிரல் வழியே திரும்பத் திரும்பப் பொருத்தப்படும்; 15 என்பது 3இன் மடங்கு. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான விடை வரும். அங்கே 'ஸ்வீப்' (sweep) சார்பிடம் நிரல்களைக் குறிக்கும் திசை எண் 2 என்று சொல்லி, பாடக் கூட்டுத்தொகைகளையும் வகுத்தல் குறியையும் கொடுங்கள். பெயர்கள் இடம் மாறாது.