மேடும் வெயிலும் இல்லாத ஊர்ல உடம்பைப் பாத்துக்கறது

கண்ணு, நீ கேட்டது இதுதானே: "அக்கா, நான் கோத்தகிரிக் குளிர்ல பொறந்து வளர்ந்தவ. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் வந்து நாலு மாசம்தான் ஆச்சு. எப்பப் பாரு சோர்வு, காலெல்லாம் வலி, எடை வேற ஏறுது. ஊர்ல சாப்பிட்ட மாதிரியேதான் சாப்பிடறேன். என்ன பண்றது?"

ஊர்ல சாப்பிட்ட மாதிரியே சாப்பிடறதுதான் பாதி வினை. கோத்தகிரியில அந்தச் சோத்தைக் கரைச்சது மேடு. பஸ் இறங்கினா ஒரு மேடு, ரேஷன் கடைக்கு இன்னொண்ணு, தண்ணி வராத நாள்ல குடத்தோட வேற. யாரும் அதை உடற்பயிற்சின்னு நினைச்சதில்லை. நான் இப்ப லீவுல ஊர்லதான் இருக்கேன். நேத்து ஜான்ஸ்டன் ஸ்கொயர்ல காய் வாங்கிட்டுத் திரும்பறப்போ, எழுபதைத் தாண்டின எங்க பெரியம்மா ஊர்க்கதை பேசிக்கிட்டே முன்னால ஏறிப் போறாங்க. நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்!

கேம்பிரிட்ஜ் தட்டை ஊர். "வார்டுல நாள் பூரா நடக்கறேனே"ம்பே. அது கால் வலிக்கத்தான் உதவும்; நாலடி நடந்து நிக்கற நடையில மூச்சு வாங்காது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது, பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது, அந்த வேகம் வேணும். ரெண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்கணும். ஜிம்முக்கு மொத்தமாப் பணம் கட்டிடாதே. பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கு, அந்த ஊரே சைக்கிள்லதான் ஓடுது. இருட்டினா முன்னால வெள்ளை லைட்டும் பின்னால சிவப்பு லைட்டும் எரியணும், அது சட்டம்.

அடுத்து வெயில். குளிர் நமக்குப் பழகினதுன்னு தைரியமா இருந்துடறோம், ஆனா கோத்தகிரியில டிசம்பர் மாச நடுப்பகல்ல கூட சூரியன் 55 டிகிரி உயரத்துல நிக்கும். கேம்பிரிட்ஜ்ல அதே நேரம் 14 டிகிரிதான், கூரைக்கு மேலயே வராது. அக்டோபர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் அந்த வெயில்ல நம்ம தோல் வைட்டமின் டி உண்டாக்காது. அதனாலதான் அந்த அரசாங்கமே குளிர்காலத்துல எல்லாரையும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கச் சொல்லுது. நம்ம மாதிரி மாநிறம், கருப்புத் தோல்காரங்க வருஷம் முழுக்க எடுத்துக்கலாம். சூப்பர் மார்க்கெட்லயே மலிவாக் கிடைக்கும், டாக்டர் சீட்டு வேண்டாம். அம்மாகிட்ட சொல்லி 60,000 யூனிட் பாக்கெட்டை வரவழைச்சு நீயா குடிக்காதே. அது டாக்டர் பாத்துக் கொடுக்கறது.

ஆனா சோர்வுக்கு எல்லாத்தையும் வைட்டமின் தலையில கட்டிடவும் முடியாது. ரத்தசோகை, தைராய்டும் இப்படித்தான் காட்டும். ஜி.பி.கிட்ட, அதான் அங்கத்த குடும்ப டாக்டர்கிட்ட, இன்னும் பேர் பதியலைன்னா இந்த வாரமே பதிஞ்சிடு. காசு கிடையாது. இந்தச் சோர்வைச் சொன்னா ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. மலைக்காரங்க நாம சோறு, டீ ரெண்டையும் சேர்த்தே முடிக்கற ஆளுங்க. கீரை, பருப்புல இருக்கற இரும்புச்சத்தை டீ உடம்புல ஒட்ட விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி.

சமையலுக்கு அங்க ஒண்ணும் குறையில்லை. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் எல்லாம் வெள்ளைக்காரன் நம்ம மலைக்குக் கொண்டு வந்த காய்தானே. உறைய வெச்ச கீரை, பட்டாணி வாங்கத் தயங்காதே, சத்து பெரிசாப் போயிடாது. காலையில ஓட்ஸை உப்புப் போட்டு வேகவெச்சு, ஆறினதும் மோர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயம் கடிச்சுக் குடிச்சுப் பாரு. வெங்காயம் அங்க ஷாலட்னு எழுதியிருக்கும்.

எடை ஏறினது சோத்துல மட்டும் இல்லை, நைட் டூட்டி மேஜைமேலயும்தான். நோயாளி வீட்டுக்காரங்க கொடுத்துட்டுப் போற சாக்லேட் டப்பா மூடி திறந்தே கிடக்கும், மூணு மணிக்குக் கை தன்னால போகும். சாயங்காலம் வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போ. ராத்திரிக்கு ரசமோ சுண்டலோ டப்பாவுல எடுத்துக்கோ. காலையில திரும்பினதும் கனமான திரையைப் போட்டுத் தூங்கு. ஒழுங்கான தூக்கம் இல்லாம எந்தப் பத்தியமும் நிக்காது. இன்னொண்ணு, பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு, பொதுவா 25 தாண்டினாத்தான் எடை அதிகம்பாங்க. நம்ம தெற்காசிய உடம்புக்கு 23-லயே கவனிக்கணும், சர்க்கரை நோய் நமக்குச் சீக்கிரம் வந்துடுது.

அடுத்த வாரம் கிளம்பறேன். உங்கம்மா ராகி மாவு அஞ்சு கிலோ கட்டி வெச்சிருக்காங்களாம். அது அங்க தமிழ்க் கடையிலயே கிடைக்குது, வேண்டாம்னு நீயே சொல்லிடு. வர்க்கி மட்டும் ஒரு பாக்கெட் கொண்டு வர்றேன். ஒண்ணே ஒண்ணுதான்.