எம்டன் வந்த நாளில் பிறந்தவள்

கேள்வி: என் மகளின் பிறந்த நாள் செப்டம்பர் 22. "எல்லாருக்கும் காந்தி, நேரு என்று யாராவது இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமில்லையா?" என்று அழுகிறாள்.
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ஒன்றுமில்லையா? அன்றைக்கு நம் ஊரே நடுங்கியது, அம்மா! 1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணி வாக்கில், 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. குறி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. கரையிலிருந்து சுட்டும் பலனில்லை, கப்பல் இருட்டில் நழுவிவிட்டது. அப்புறம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று எம்டனை அடித்து நொறுக்கியது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. டப்பா மூடி சத்தம் போடாமல் நான் முறுக்கு திருடினால், அடுப்படியிலிருந்தே "சரியான எம்டன்டா நீ!" என்பாள் பாட்டி. திட்டா, பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. பிறந்த நாளன்று பாரிமுனைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, பிறந்த நாள் துணைக்கு ஆள் வேண்டுமாமே? மைக்கேல் ஃபாரடே, 1791. கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்த பையன். உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுவதற்கு வழி காட்டியவர் அவர்தான்.