வேஸேர் பள்ளத்தாக்கில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஜூன் மாதம் போகிறோம். தென்மேற்கு பிரான்சின் வேஸேர் பள்ளத்தாக்குக்கு இரண்டு நாள் அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். பழங்கால ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்குள் யாரையும் விடுவதில்லையாமே, பிறகு பார்க்க என்ன இருக்கிறது? ஆதி மனிதர்கள் அந்த ஓர் ஆற்றங்கரையில் இவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தது ஏன்? என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஓவியங்களிலிருந்து தொடங்காமல், முதல் நாள் காலையில் லெசெய்சி என்ற சிற்றூரில் நின்று, ஆற்றையும் அதன்மேல் தொங்கும் சுண்ணாம்புப் பாறையையும் நிதானமாகப் பாருங்கள். ஏன் இங்கே வாழ்ந்தார்கள் என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஏறத்தாழ 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகத்தின் கடுமை உச்சத்தில் இருந்தபோது, ஸ்காண்டிநேவியா முழுவதையும் பிரிட்டனின் பெரும்பகுதியையும் பனிப்படலம் மூடியிருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்ததால், பிரான்சிலிருந்து பிரிட்டனுக்கு நிலவழியே தொடர்பு இருந்தது. வடக்கு வாழத் தகுதியற்றுப்போக, மக்கள் தென்மேற்கில் ஒடுங்கினார்கள். 45 டிகிரி அட்சரேகையை ஒட்டியுள்ள இந்தப் பள்ளத்தாக்கைப் பனிப்படலம் எட்டவில்லை. அட்லாண்டிக் பெருங்கடல் அருகில் இருந்ததால், கண்டத்தின் உட்பகுதியைவிடக் குளிரும் சற்றுக் குறைவு. மரங்கள் அருகிப் புல்வெளி விரிந்த நிலத்தில் பனிமான், குதிரை, காட்டெருமை மந்தைகள் மேய்ந்தன.

இதற்கு மேல் பாறையின் கொடை வேறு. சுண்ணாம்புப் பாறையை ஆறு அறுத்தது. அதன் மெலிந்த அடுக்குகளை உறைபனி உடைத்தது. அப்படி உண்டான நீண்ட ஒதுக்குகள் தாழ்வாரம்போல் மழையையும் பனியையும் தடுத்தன. தெற்கு நோக்கியவற்றில் குளிர்கால வெயிலும் விழுந்தது. கருவி செய்யும் சிக்கிமுக்கிக் கல் அதே பாறையில் கிடைத்தது; மந்தைகள் ஆற்றைக் கடக்கும் துறைகளும் அருகில் இருந்தன. குடியிருப்பு பெரும்பாலும் இந்த ஒதுக்குகளிலும் குகை வாயில்களிலும்தான். இருண்ட உட்பகுதிகளுக்கு ஓவியம் தீட்டவே போனார்கள்.

லெசெய்சியில் தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகம் பாறையை ஒட்டியே அமைந்திருக்கிறது. 1868-இல் ரயில் பாதை வேலையின்போது ஆதி மனிதர்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்ட குரோமாக்னன் ஒதுக்கும் இதே ஊரில்தான் உள்ளது. அருகிலுள்ள ஃபோன்-த-கோம் குகையில் பல வண்ண மூல ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். மிகச் சிலரையே அனுமதிப்பதால், பயணம் உறுதியானவுடன் முன்பதிவைப் பற்றி விசாரியுங்கள். மண்டியிட்ட ஒரு பனிமானின் நெற்றியை எதிரே நிற்கும் இன்னொரு பனிமான் நக்கும் காட்சி அங்கே உண்டு. கோடுகள் மங்கிவிட்டதால், வழிகாட்டி விளக்கைச் சாய்த்துக் காட்டும்போது நாக்கைக் கவனித்துத் தேடுங்கள். குகை வாசலுக்கு மேட்டுப் பாதையில் ஏற வேண்டியிருப்பதை உங்கள் கணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

இரண்டாம் நாள் லாஸ்கோ குகை உள்ள மோன்தின்யாக் ஊருக்குப் போகலாம். 1940-இல் கண்டறியப்பட்ட லாஸ்கோ குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-இல் மூடப்பட்டது. 2016-இல் திறக்கப்பட்ட முழு அளவு நகல் அதே ஊரில் இருக்கிறது. நகல்தானே என்று ஒதுக்க வேண்டாம். ஓவியங்கள் பாறையின் புடைப்பையும் குழிவையும் பயன்படுத்தியிருக்கும் விதம் அதில் தெளிவாகத் தெரியும். மூலக் குகையில் கிடைத்த உணவெலும்புகளில் மிகப் பெரும்பகுதி பனிமானுடையவை. ஆனால் நூற்றுக்கணக்கான விலங்கு உருவங்களில் பனிமான் ஒன்றே ஒன்றுதான். குதிரையும் காட்டெருதும் வேறு வகை மானுமே நிறைந்திருக்கின்றன. அவர்கள் எங்கே தங்கினார்கள், எதை உண்டார்கள் என்பதைத் தட்பவெப்பத்தைக் கொண்டு விளக்கலாம். எதை வரைந்தார்கள் என்பதை அப்படி விளக்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.

முழங்கால் வலிக்கு ஏற்றது ரூஃபினியாக் குகை. அதற்குள் சிறிய மின்சார ரயிலிலேயே அழைத்துப் போகிறார்கள். மாமூத் யானைகளின் கோட்டோவியங்களையும், மனிதர் வருவதற்கு முன்பே குகைக் கரடிகள் படுத்துறங்கிய குழிகளையும் சுவரில் அவை கீறிய நகத்தடங்களையும் அங்கே பார்க்கலாம். நேரம் போதாவிட்டால் வேறு எதையாவது விடுங்கள். இதை விட வேண்டாம்.