தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள், வெளியே வெடி. நாயையும் பூனையையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எல்லோருக்கும் கவலை வெடிச்சத்தம்தான். எனக்குக் கேட்டால், அதைவிட ஆபத்து வாசல்கதவு. விருந்தாளி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றுவார், தெருவில் சரவெடி கிளம்பும், அவர் கால் இடுக்கில் நாய் பாய்ந்துவிடும். மிரண்டு ஓடும் நாய்க்கு நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. அதனால் முதலில் கழுத்துப்பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு ஒன்றை மாட்டுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். அதற்கு மேல் தளர்வாக இருந்தால், பின்வாங்கியே தலையை உருவிக்கொள்ளும்.

தெருப் பக்கம் இல்லாத ஓர் அறையை அதற்கென்று ஒதுக்குங்கள். பண்டிகையன்று திடீரென்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் கதவைப் பிராண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். பத்து நாள் முன்பிருந்தே தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கே வைத்துப் பழக்குங்கள். பழைய போர்வை, நீங்கள் உடுத்திய துணி ஒன்று, தண்ணீர், ஜன்னலுக்குத் திரை. ஃபேனை வேகமாக வைத்தால் புழுக்கமும் குறையும், சத்தமும் கொஞ்சம் அமுங்கும். சங்கிலியில் கட்டிப் போட வேண்டாம். மிரண்டு இழுத்தால் கழுத்து இறுகும். பூனைக்கு மணல் தட்டும், பக்கவாட்டில் சாய்த்த அட்டைப்பெட்டியும் போதும். கட்டிலுக்கடியில் போய்விட்டால் இழுக்காதீர்கள், அதுவே வரும்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது சும்மா. தாராளமாகத் தடவுங்கள். வருஷா வருஷம் நடுங்கி, மூத்திரம் போகிற நாய் என்றால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ட்ரசோடோன், கபாபென்டின் மாதிரி பயம் தணிக்கும் மருந்தை எடைக்கேற்ப எழுதித் தருவார். அதைச் சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்து எப்படி ஒத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அசிப்ரோமசின் என்கிற மயக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அடங்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

தமிழ்நாட்டில் சில வருடங்களாக வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஊர் அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு 4 மணிக்கே ஆரம்பித்துவிடும். தெரு சற்று அடங்குவது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். அப்போது சங்கிலியோடு கூட்டிப்போய் வாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் விருந்தாளிகளை நம்பக் கூடாது. கேசரி, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த மட்டன், கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். குழம்பு வெங்காயம் ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். அதன் சோர்வும் வெளிறிய ஈறும் சில நாள் கழித்துத்தான் தெரிகிறது, அதற்குள் விருந்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். சாக்லேட் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகும். ரேப்பரை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஏதாவது கொடுத்தே தீருவேன் என்கிற மாமாக்களுக்கு, நாயின் அன்றைய உலர் உணவிலிருந்தே ஒரு கைப்பிடியை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.

எரிந்த மத்தாப்புக் கம்பிகளைத் தரையில் போடாமல் மணல் வாளியில் செருக வேண்டும். மறுநாள் காலை வெடிக்குப்பையைப் பெருக்கித் தள்ளிய பிறகே நாயை வாசலில் விடுங்கள். வெடிமருந்து ஒட்டிய காகிதத்தைச் சில நாய்கள் மென்று தின்னும்.